பிடுங்கிச் செருகினால் வேலை செய்யும் யுஎஸ்பி: மலையில் வைக்கும் கணினிப் பெட்டிக்கு என்ன கோளாறு?

கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலை எடை போடும் ஷெட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் தராசு, அதன் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்கும் கணினி. தராசு காட்டும் எடையைப் படித்து, இலை கொண்டுவந்த விவசாயியின் கணக்கில் ஏற்றி, 4ஜி டாங்கிள் (சிம் போட்டு யுஎஸ்பியில் செருகும் இணையக் கருவி) வழியாகத் தொழிற்சாலைக்கு அனுப்புவது அதன் வேலை. ரசீது அடிக்க ஒரு பிரிண்டரும் உண்டு. தராசு, டாங்கிள், பிரிண்டர் மூன்றும் யுஎஸ்பி போர்ட்களில் செருகியிருக்கின்றன. கோயம்புத்தூரில் பட்டறை மேஜை மேல் ஒரு வாரம் நிற்காமல் ஓடிய பெட்டிதான். மலை ஏறியதும் இரண்டு நாளைக்கு ஒரு முறை டாங்கிள் காணாமல் போகிறது. பிடுங்கிச் செருகினால் திரும்ப வருகிறது.

கூடலூரில் யானை நடமாட்டம் பார்க்கும் கேமராவாக இருந்தாலும், கொடைக்கானல் மேல்மலையில் மழையும் காற்றும் அளக்கும் நிலையமாக இருந்தாலும், புகார் இதே வடிவத்தில்தான் வரும். பழியை முதலில் வாங்குவது நெட்வொர்க். அப்புறம் சாஃப்ட்வேர். கடைசியில் மாட்யூல். இந்த மூன்றும் சரியாகவே இருந்து, மாட்யூலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் சில சென்டிமீட்டர் சர்க்யூட் காலை வாரியிருப்பது நிறைய நடக்கிறது. அந்தச் சில சென்டிமீட்டரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

## கேரியர் போர்டு: யார் பொறுப்பு எதுவரை?

இப்படிப்பட்ட பெட்டிகளில் கணினி இரண்டு துண்டாக இருக்கும். பிராசசர், மெமரி, அவற்றுக்கான நுணுக்கமான மின்சப்ளை எல்லாம் சேர்ந்த சின்னத் துண்டுக்கு மாட்யூல் என்று பெயர். அதைத் தாங்கி, சாக்கெட்டுகளையும் பவரையும் கொடுக்கும் பெரிய பலகை கேரியர் போர்டு. மாட்யூலைக் கடையில் வாங்கலாம். கேரியர் போர்டை அந்தந்த வேலைக்கு ஏற்ப நாம்தான் வரைகிறோம். 2020 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 நம் ஊரில் பலருக்கும் பழக்கமானது: 55க்கு 40 மில்லிமீட்டர் அளவு, அடியில் நூறு நூறு முனைகள் கொண்ட இரண்டு கனெக்டர்கள். தொழிற்சாலைக் கருவிகளில் காம் எக்ஸ்பிரஸ், ஸ்மார்க் என்ற தரநிலைகளில் அமைந்த மாட்யூல்களும் புழங்குகின்றன.

'மாட்யூலில் யுஎஸ்பி உண்டு' என்று விவரத்தாளில் படித்ததும், அதை ஒரு சாக்கெட்டோடு சேர்த்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். மாட்யூல் தருவது ஒரு போர்ட்டுக்கு இரண்டு டேட்டா கம்பிகள் மட்டும். மாட்யூலைப் பொறுத்து, பவரைத் திறக்கச் சொல்லவோ 'கரண்ட் மிஞ்சிவிட்டது' என்று கேட்டுக்கொள்ளவோ ஒன்றிரண்டு கட்டுப்பாட்டு முனைகள் இருக்கலாம். கருவிக்குப் போகும் ஐந்து வோல்ட், அதைக் காக்கும் ஸ்விட்ச், கை பட்டால் பாயும் ஸ்டாடிக் மின்சாரத்தைத் தாங்கும் டயோடு, சாக்கெட் எல்லாம் கேரியர் போர்டு வரைபவரின் பொறுப்பு. கம்ப்யூட் மாட்யூல் 4 தருவது ஒரே ஒரு யுஎஸ்பி 2.0 போர்ட். நம் ஷெட்டுக்கு மூன்று வேண்டும் என்றால், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் சிப்பையும் கேரியரில் நாமே வைக்க வேண்டும்.

அந்த மாட்யூலில் இன்னொரு பொறி உண்டு. பவரை மிச்சப்படுத்துவதற்காக அதன் யுஎஸ்பி போர்ட் ஆரம்பத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால்தான் உயிர் பெறும். போர்டை வரைந்து, பார்ட்ஸ் ஒட்டி, எதுவும் நகரவில்லையே என்று இரண்டு நாள் சாலிடரிங்கை நோண்டுபவர்கள் முதலில் இந்த வரியைப் பார்த்துவிடுவது நல்லது.

## நான்கு கம்பிகள்

யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: ஐந்து வோல்ட், டி பிளஸ், டி மைனஸ், கிரவுண்ட். கருவி செருகப்பட்டதைக் கணினி தெரிந்துகொள்ளும் விதம் எளிமையானது. கணினிப் பக்கத்தில் இரண்டு டேட்டா கம்பிகளும் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு இழுக்கப்பட்டிருக்கும். கருவி தன் பக்கத்தில் 1.5 கிலோ ஓம் கொண்டு ஒரு கம்பியை 3.3 வோல்ட்டுக்கு ஏற்றும். டி பிளஸ் ஏறினால் 12 மெகாபிட் வேகக் கருவி, டி மைனஸ் ஏறினால் 1.5 மெகாபிட். 480 மெகாபிட் கருவியும் முதலில் 12 மெகாபிட் வேடத்தில்தான் வந்து நிற்கும். பிறகு இரண்டு பக்கமும் ஒரு சமிக்ஞை பரிமாறி, 'உனக்கும் முடியும், எனக்கும் முடியும்' என்று உறுதி செய்துகொண்டு வேகத்தைக் கூட்டும்.

வேகம் கூடியதும் சிக்னல் வெறும் 0.4 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி தின்னும் கரண்ட் திரும்பி வரும் பாதையும், இந்த 0.4 வோல்ட் சிக்னல் அளக்கப்படும் அடிக்கோடும் ஒரே கிரவுண்ட் கம்பிதான். பவர் கோளாறு டேட்டா கோளாறாக வேஷம் போடுவதற்கு இதுதான் வழி.

(15 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் மாட்யூலுக்குள்ளோ ஹப் சிப்புக்குள்ளோ ஏற்கெனவே இருக்கும். பழைய சர்க்யூட் படத்தைப் பார்த்து வெளியிலும் இரண்டைச் சேர்ப்பது வீண் வேலை மட்டுமில்லை, கெடுதலும்கூட.)

## ஐந்து வோல்ட் எங்கே தொலைகிறது?

யுஎஸ்பி 2.0 விதிப்படி முழுச் சக்தி தரும் போர்ட்டின் வாயில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும், 500 மில்லிஆம்பியர் தர முடிய வேண்டும். இதை நம் ஷெட்டுக்குப் பொருத்திக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரி. அதிலிருந்து ரெகுலேட்டர் சரியாக 5.00 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பவர் ஸ்விட்ச், போர்டின் செம்புத் தடம், சாக்கெட்டின் தொடர்புகள் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் டாங்கிளை இரண்டு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் ஜன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறார்கள். மலிவான கேபிள்களில் பவர் கம்பியும் 28 கேஜ்தான் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). அதன் தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போகும்போது இரண்டு மீட்டர், வரும்போது இரண்டு மீட்டர், ஆக 0.85 ஓம்.

1. டாங்கிள் 0.5 ஆம்பியர் எடுக்கும்போது போர்டில் 0.1, கேபிளில் 0.43 வோல்ட் போய்விடும். டாங்கிளுக்குக் கிடைப்பது 4.47.
2. ஒரு கணம் 1 ஆம்பியர் இழுத்தால் மொத்த இழப்பு 1.05. மிச்சம் 3.95 வோல்ட். பெரும்பாலான டாங்கிள்கள் இங்கே மயங்கி விழும்.
3. அதே இரண்டு மீட்டரை 24 கேஜ் கம்பியில் எடுத்தால் கேபிளின் தடை 0.34 ஓம். 1 ஆம்பியரிலும் 4.46 வோல்ட் மிஞ்சும்.

சரி, கோயம்புத்தூரில் இது ஏன் தெரியவில்லை? அங்கே டவர் பக்கத்தில் இருந்தது. செல்பேசிக் கருவிகள் தூரத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தும் சாதி. டவர் அருகில் இருந்தால் முணுமுணுக்கும். மலைமடிப்புக்குப் பின்னால் ஒற்றைக் கோட்டு சிக்னலில் மாட்டிக்கொண்டால் முழுச் சக்தியில் கத்தும். 4ஜி கருவியின் உச்ச சக்தி வழக்கமாக 200 மில்லிவாட். 4ஜி எட்டாமல் 2ஜிக்கு இறங்கினால், 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது 2 வாட் வரை போகும். அதுவும் தொடர்ச்சியாகப் போகாது. 4.6 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, 577 மைக்ரோசெகண்ட் நேரத் துடிப்பாகப் போகும். ஆக, சிக்னல் மெலியும் நேரத்தில் உச்சக் கரண்ட் கூடுகிறது. பட்டறையில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இந்த நிலைமை வராது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 4.8 வோல்ட் என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். அது சராசரியைத்தான் காட்டும். அரை மில்லிசெகண்ட் பள்ளத்தைப் பார்க்க, வோல்ட்டேஜ் கணத்துக்குக் கணம் மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். அதையும் போர்டின் பக்கத்தில் வைக்காமல், கேபிளின் அந்த முனையில், டாங்கிள் செருகும் இடத்தில் வைக்க வேண்டும்.

இப்போது 0.4 வோல்ட்டுக்குத் திரும்புவோம். மேலே சொன்ன கேபிளில் 1 ஆம்பியர் போகும்போது, கிரவுண்ட் கம்பியில் மட்டும் 0.43 வோல்ட் விழுகிறது. டாங்கிளின் 'பூஜ்யம்' கணினியின் பூஜ்யத்தைவிட அவ்வளவு உயரத்தில் மிதக்கிறது. வேகமான யுஎஸ்பி சிக்னல் எவ்வளவு உயரமோ, அடித்தளமும் அவ்வளவு நகர்ந்துவிட்டது. இரண்டு கம்பிக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தானே படிக்கிறோம், அடித்தளம் நகர்ந்தால் என்ன என்று கேட்கலாம். வித்தியாசத்தைப் படித்தாலும், இரண்டும் சேர்ந்து மிதப்பதற்கு விதி அனுமதிக்கும் வரம்பு மைனஸ் 50 முதல் 500 மில்லிவோல்ட் வரைதான். அதன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டதும் பிழைகள் தலைகாட்டும். லாக் கோப்பில் 'டேட்டா பிழை' என்று பதிவாகும். பார்ப்பவர் டேட்டா தடத்தைச் சந்தேகப்படுவார். உண்மைக் குற்றவாளி மெலிந்த கிரவுண்ட் கம்பி.

### கெபாசிட்டர்

போர்ட்டுக்கு அருகில் ஐந்து வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே குறைந்தது 120 மைக்ரோஃபாரட் வைக்கச் சொல்கிறது விதி. இது எங்கிருந்து வந்த எண்? செருகப்படும் கருவி தன் வாயிலில் 10 மைக்ரோஃபாரட் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு விதி. காலியான அந்த 10, செருகிய கணத்தில் நம் போர்டிலிருந்து உறிஞ்சும். போர்டில் 120 இருந்தால், ரெகுலேட்டரின் உதவியைக் கணக்கில் எடுக்காமலே, வோல்ட்டேஜ் 5லிருந்து 4.6 அளவில் நிற்கும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நம் பக்கமும் வெறும் 10 வைத்தால் ஒரு கணம் பாதியாகும், 2.5 வோல்ட். பிரிண்டரைச் செருகினால் தராசு துண்டிக்கப்படுவது இப்படித்தான்.

120க்கு ஈடாகச் சின்ன செராமிக் கெபாசிட்டர்களை வரிசையாக அடுக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 6.3 வோல்ட் மதிப்புள்ள செராமிக்குக்கு 5 வோல்ட் கொடுத்தால் அதன் கொள்ளளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடுவது சகஜம். 100 என்று அச்சிட்டிருப்பது 40 ஆக நடந்துகொள்ளும். பாலிமர் அல்லது டான்டலம் வகையைச் சேர்த்துக்கொள்வது உத்தமம்.

### பாலிஃபியூஸா, ஸ்விட்ச் சிப்பா?

கருவி ஷார்ட் ஆனால் போர்டைக் காப்பாற்ற ஏதாவது வேண்டும். மலிவான வழி பாலிஃபியூஸ். கரண்ட் மிஞ்சினால் சூடேறித் தடை கூடி, ஆறியதும் பழைய நிலைக்கு வரும். சூட்டை நம்பி வேலை செய்வதால் வெளி வெப்பமும் அதன் கணக்கைக் குலைக்கும். 23 டிகிரியில் எழுதிய அளவு, 0 டிகிரியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும். 60 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

ஊட்டியில் ஜனவரி விடியலில் புல் மேல் உறைபனி படர்ந்திருக்கும். அதே பெட்டி மதியம் நேர் வெயிலில் மூடிய இரும்புக்குள் வேகும். காலையில் கரண்ட் கொஞ்சம் மிஞ்சினாலும் அறுக்காமல் விட்டுவைக்கும் ஃபியூஸ், மதியம் நியாயமான கரண்டுக்கே கோபித்துக்கொள்ளும். அறுக்க எடுக்கும் நேரமும் அதிகம். அதற்குள் ஐந்து வோல்ட் முழுவதுமே சரிந்து, மற்ற போர்ட்களும் மாட்யூலும் ரீஸ்டார்ட் ஆகலாம்.

அதனால் இந்த வேலைக்குப் பாலிஃபியூஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். யுஎஸ்பிக்கென்றே வரும் பவர் ஸ்விட்ச் சிப்பை, ஒரு போர்ட்டுக்கு ஒன்று வீதம் போடுவதே சரி. அது மைக்ரோசெகண்ட் கணக்கில் கரண்டை மட்டுப்படுத்தும், மெதுவாகத் திறந்து செருகும் கணத்து உறிஞ்சலைத் தணிக்கும், 'மிஞ்சிவிட்டது' என்று ஒரு முனை வழியாகச் சொல்லும். பெரிய லாபம் வேறொன்று. அதன் திறப்பு முனையை மாட்யூலோ ஹப் சிப்போ கட்டுப்படுத்தும்படி இணைத்தால், டாங்கிள் தொங்கிப்போகும்போது சாஃப்ட்வேரே ஐந்து வோல்ட்டை அணைத்து, பத்து விநாடி கழித்துப் போடும். கீழ்க்கோத்தகிரிக்கு ஓர் ஆள் பஸ் பிடித்துப் போய்ப் பிடுங்கிச் செருகும் வேலையை ஒரு சிப் செய்துவிடுகிறது.

இணைக்கும்போது பலரும் சறுக்கும் இரண்டு இடங்கள்:

1. காம் எக்ஸ்பிரஸில் 'கரண்ட் மிஞ்சியது' கம்பியை மேலே இழுத்து வைக்கும் புல்அப் ரெசிஸ்டர் மாட்யூலிலேயே இருக்கும். கேரியரில் இன்னொன்று போடக்கூடாது. அந்தக் கம்பி இரண்டு போர்ட்டுக்கு ஒன்று என்பதால், ஒரு போர்ட்டின் தவறுக்கு ஜோடிப் போர்ட்டும் தண்டனை அனுபவிக்கும். எந்த இரண்டைச் சேர்த்து வைக்கிறோம் என்பதை யோசித்துச் செய்ய வேண்டும். ஸ்மார்க்கிலோ 'திற' என்பதற்கும் 'மிஞ்சியது' என்பதற்கும் ஒரே கம்பி. இரு பக்கமும் கீழே இழுக்கலாம், யாரும் மேலே தள்ளக்கூடாது.
2. தனி அடாப்டரில் ஓடும் ஹப்பையோ பிரிண்டரையோ செருகினால், சில மோசமான கருவிகள் தங்கள் ஐந்து வோல்ட்டை நம் போர்டுக்குள் திருப்பி அனுப்பும். பெட்டியை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிந்தால் இதுதான் காரணம். மாட்யூல் பாதி உயிரோடு நின்று, அடுத்த முறை சரியாக பூட் ஆகாது. இப்படிப் பின்வாசல் வழியாகக் கரண்ட் வந்துகொண்டிருக்கும்வரை ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தியும் பயனிருக்காது. பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் வகை ஸ்விட்ச் சிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரெகுலேட்டரை 5.00க்குப் பதில் 5.1 அல்லது 5.15க்கு அமைத்துவிட்டால் 5.25 வரம்புக்குள்ளேயே இழப்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

## டேட்டா தடங்கள்: எதற்குப் பயப்பட வேண்டும்?

புதிதாக போர்டு வரைபவர்கள் அதிகம் கவலைப்படுவது டி பிளஸ், டி மைனஸ் இரண்டும் ஒரே நீளமா என்பதைப் பற்றித்தான். பாம்பு போல வளைத்து வளைத்து நீளம் சமன் செய்வார்கள். கணக்கைப் பாருங்கள். 480 மெகாபிட்டில் ஒரு பிட்டின் காலம் 2083 பிகோசெகண்ட். சாதாரண போர்டில் ஒரு மில்லிமீட்டர் தடத்தைக் கடக்க சிக்னலுக்கு ஏழு பிகோசெகண்ட் போதும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தால் யுஎஸ்பி 2.0 செத்துப்போகாது. (5 கிகாபிட் யுஎஸ்பி 3இல் ஒரு பிட்டே 200 பிகோசெகண்ட்தான். அங்கே கவலை நியாயம்.)

பயப்பட வேண்டியது தடத்துக்கு அடியில் செம்புப் பரப்பாக இருக்கும் கிரவுண்ட் தளத்தைப் பற்றி. இரண்டு தடங்களுக்கும் இடையே 90 ஓம் இம்பிடென்ஸ் (வேகமாக மாறும் சிக்னலுக்குத் தடம் காட்டும் தடை) வர வேண்டும் என்பது விதி. அந்த 90 ஓம், தடத்தின் அகலம், இடைவெளி, கீழே உள்ள தளம் எவ்வளவு தூரம் என்ற மூன்றாலும் அமைவது. தளத்தில் குறுக்கே ஒரு வெட்டு இருந்தால், மேலே தடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடத்தில் இம்பிடென்ஸ் எகிறும். சிக்னலின் ஒரு பகுதி திரும்பி அடிக்கும், இன்னொரு பகுதி ஆன்டெனாவில் ஏறியதுபோல வெளியே பரவும். இரண்டு அடுக்கு போர்டில் 1.6 மில்லிமீட்டர் கீழே இருக்கும் தளத்தை நம்பி 90 ஓம் வாங்கத் தடங்களை அகலமாக்க வேண்டும். நான்கு அடுக்கு போர்டில் தளம் பக்கத்திலேயே கிடைக்கும். கேரியர் போர்டுக்கு நான்கு அடுக்கு என்பது ஆடம்பரமில்லை.

வெளியே பரவுவது நமக்கு மட்டும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். ஊட்டியை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளத்தில் மலைச்சரிவோடு சரிவாகப் படுத்திருக்கிற ரேடியோ தொலைநோக்கி 1970இலிருந்து 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஷீல்டு இல்லாத கேபிளும் வெட்டுப்பட்ட தளமுமாகப் பெட்டி வைப்பது, கச்சேரி நடக்கும் மண்டபத்தில் மிக்ஸி போடுவது மாதிரி.

யுஎஸ்பி 3 பற்றி இரண்டு வார்த்தை. 2024 நவம்பரில் வந்த கம்ப்யூட் மாட்யூல் 5இல் இரண்டு யுஎஸ்பி 3 போர்ட்கள் கிடைக்கின்றன. கிடைக்கிறது என்பதற்காக வெளியே கொண்டுவர வேண்டாம். அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுந்து வைஃபையையும் புளூடூத்தையும் அமுக்கும் என்பது 2012இலேயே இன்டெல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் விளக்கப்பட்ட விஷயம். தராசுக்கு 12 மெகாபிட்டே தாராளம். கேமராவுக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால் போடுங்கள். அனுப்பும் ஜோடியில் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் கட்டாயம், அது மாட்யூலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

## மின்னலும் மேகமும்

சாக்கெட் அருகே வைக்கும் ஸ்டாடிக் டயோடு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. ஐ.இ.சி. 61000-4-2 தரநிலையின் நான்காம் நிலை, தொட்டுப் பாய்ச்சினால் 8 கிலோவோல்ட், காற்று வழியாக 15 கிலோவோல்ட். எண்ணைப் பார்த்தால் மின்னலே அடங்கிவிடும் போலிருக்கும். ஆனால் அது விரல் நுனியிலிருந்து பாயும், நானோசெகண்ட் கணக்கில் முடிந்துவிடும் சக்தி. பக்கத்து மரத்தில் இடி விழும்போது நீளமான கேபிளில் தூண்டப்படும் சக்தி அதைவிடப் பல மடங்கு. அதற்குத் தனித் தரநிலை, தனிப் பாதுகாப்பு. யுஎஸ்பி டயோடை இடிதாங்கியாக நினைப்பது கொசுவலையைக் கரடிக்குக் கட்டுவது போல.

டயோடை சாக்கெட்டுக்கு மிக அருகில், தடம் அதன் வழியாகவே போகும்படி வைக்க வேண்டும். கிளையாக நீட்டி வைத்தால் பலன் பாதி. கொள்ளளவு 1 பிகோஃபாரட்டுக்குக் கீழே உள்ள வகையே 480 மெகாபிட்டுக்கு ஏற்றது.

மின்னலுக்கு என்ன செய்வது? யுஎஸ்பி கேபிளைப் பெட்டிக்கு வெளியே நீளமாக ஓடவிடாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. யுஎஸ்பியில் கணினியின் கிரவுண்டும் கருவியின் கிரவுண்டும் நேராகப் பிணைந்திருக்கின்றன. ஈதர்நெட்டில் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அந்தப் பிணைப்பு இல்லை. கம்பத்தின் உச்சிக்கு ஏதாவது போக வேண்டும் என்றால் ஈதர்நெட்டோ, நீளமான கேபிளுக்கு ஏற்ற ஆர்எஸ்-485 இணைப்போ போகட்டும், திடீர் மின்னெழுச்சியைத் தாங்கும் உரிய சர்ஜ் பாதுகாப்போடு. மண் மெலிந்து பாறை தட்டும் மலைச்சரிவில் நல்ல எர்த் கிடைப்பதே கஷ்டம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தராசு வேறு பிளக்கில், கணினி வேறு பிளக்கில் என்றால் இரண்டின் எர்த்தும் வேறு வேறு உயரத்தில் மிதக்கும். அங்கே, இரு பக்கத்து கிரவுண்டையும் பிரித்து வைத்து டேட்டாவை மட்டும் கடத்தும் யுஎஸ்பி ஐசொலேட்டர் சிப் கைகொடுக்கும். இவற்றில் வெகுகாலமாகப் புழங்கும் வகை 12 மெகாபிட் வரைதான் போகும். தராசுக்கு அது போதும்.

அடுத்தது ஈரம். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பெட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட மழையில்லை. மேகம் வாசல் வழியாக உள்ளே வந்து உட்காரும் சாதாரண நாட்கள்தான். பகலில் சூடான பெட்டி ராத்திரி குளிரும்போது உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் உலோகத்தின் மேல் முத்து முத்தாகப் படியும். போர்டுக்குப் பூச்சு அடிக்கலாம். சாக்கெட்டின் உள்ளே அடிக்க முடியாது. அதனால் சாக்கெட் கீழ்நோக்கிப் பார்க்கட்டும், கேபிள் உள்ளே நுழையும் முன் ஒரு வளைவு தொங்கி நீரைச் சொட்டவிடட்டும். தங்க முலாம் தடிமனான கனெக்டருக்குக் கொஞ்சம் அதிகம் செலவழியுங்கள். சாதாரண ஏ வகை சாக்கெட்டின் மதிப்பிட்ட ஆயுள் 1,500 முறை செருகல், சி வகைக்கு 10,000. தினமும் பென் டிரைவில் கணக்கு எடுக்கும் ஷெட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இதோடு தொடர்புடைய சின்ன விஷயம்: மின்சாதனங்களில் மின்காப்பு இடைவெளிகள் பொதுவாக 2,000 மீட்டர் உயரம் வரைக்குத்தான் கணக்கிடப்படுகின்றன. காற்று மெலிய மெலிய அதன் காப்புத் திறன் குறையும். குன்னூர் இந்தக் கோட்டுக்குக் கீழே, ஊட்டியும் கொடைக்கானலும் மேலே. ஐந்து வோல்ட்டுக்கு இது பொருட்டே இல்லை. பெட்டிக்கு மின்சாரம் தரும் 230 வோல்ட் அடாப்டரை வாங்கும்போது அதன் விவரத்தாளில் உயர வரம்பைப் பார்த்துவிடுங்கள்.

## கோளாறு வந்தால் எந்த வரிசையில் தேடுவது?

1. லாக் கோப்பு. லினக்ஸில் 'கரண்ட் மிஞ்சியது' என்ற செய்தி இருந்தால் பவர் ஸ்விட்ச் அல்லது கருவி. வெறும் 'துண்டிக்கப்பட்டது' என்றால் பெரும்பாலும் ஐந்து வோல்ட் பள்ளம். மைனஸ் 71 என்ற பிழை எண் வந்தால் பேச்சே குழறியிருக்கிறது: டேட்டா தடமாகவும் இருக்கலாம், மேலே பார்த்த கிரவுண்ட் நகர்வாகவும் இருக்கலாம்.
2. 480 மெகாபிட் கருவி 12 மெகாபிட் கருவியாகப் பதிவாகியிருக்கிறதா? அப்படியானால் வேகம் கூட்டும் பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது. இது டேட்டா தடத்தையும், கொள்ளளவு அதிகமான டயோடையும் நேராகக் காட்டிக்கொடுக்கும் தடயம்.
3. கேபிளை மாற்றுங்கள். அரை மீட்டர், தடித்த கம்பி. பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்தாலும், போர்டு சரி என்று முடிவுகட்டாதீர்கள். இழப்புக்கு இடம் வைக்காத போர்டு அடுத்த கேபிளில் மறுபடி விழும்.
4. டாங்கிள் முனையில் ஆசிலோஸ்கோப். டாங்கிளை 2ஜியில் பூட்டி வைத்துவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை அனுப்பச் சொல்லிக்கொண்டே பார்க்க வேண்டும்.

இந்த நான்காவது சோதனையை மலை ஏறிய பிறகு செய்வதைவிட, பெட்டி கீழே இருக்கும்போதே செய்துவிடலாம். டாங்கிளை மூடியுள்ள பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, கேபிள் போகும் அளவு மட்டும் இடுக்கு விட்டால் பட்டறையிலேயே ஒற்றைக் கோட்டு சிக்னல் கிடைத்துவிடும். பெட்டியை ராத்திரி முழுக்க பிரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்து, மூடியைத் திறந்து, போர்டின் மேல் ஈரம் பூக்கும் அந்த நேரத்தில் பவர் கொடுங்கள். எல்லாப் போர்ட்டிலும் ஒரே நேரத்தில் 0.5 ஆம்பியர் லோடு, இருப்பதிலேயே மோசமான இரண்டு மீட்டர் கேபிள். அப்போதும் டாங்கிள் முனையில் 4.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் பெட்டியை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றலாம்.